முறுக்கு, திருகு, பிழி

பாஷைகளைக் கண்டு மிரளுகிற சுபாவம் காரைக்கால்வாசிகளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் தருவதாக வாக்களித்து, பிறகு யோசித்துப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்ட இந்தக் கடற்கரைத் துண்டை, 1739ஆம் ஆண்டில் சந்தா சாகிப்பின் படை போய்ப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர் வசம் ஒப்படைத்த நாள் தொடங்கி, 1954 நவம்பர் முதல் தேதியன்று ஒரு மூவர்ணக் கொடி இறங்கி இன்னொரு மூவர்ணக் கொடி ஏறிய நாள் வரையில், துரைத்தனத்தார் எந்தப் பாஷையில் அதட்டினாலும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தமிழில் முணுமுணுத்தபடியே கீழ்ப்படிகிற கலையில் எங்கள் ஊர் கைதேர்ந்துவிட்டது. நாற்காலி பெண்பால் என்றும் சுவர் ஆண்பால் என்றும் சாதிக்கிற பிரெஞ்சு இலக்கணத்தை இருநூறு ஆண்டுக்கு மேல் சகித்துக்கொண்ட ஜனங்களுக்கு, உயிரற்றதையெல்லாம் அஃறிணையென்று ஒப்புக்கொள்ளும் ஆங்கிலம் எம்மாத்திரம் என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆங்கிலேயன் ஈரத்துணி பிழிகிற விதத்தைக் கவனிக்கும் வரையில் அந்த எண்ணத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை.

ஒரு பொருளைக் கையில் எடுத்துச் சுழற்றி வளைத்து அழுத்துகிற காரியத்தை உலகத்தில் எல்லா மனிதர்களும் இரண்டு கைகளைக் கொண்டுதான் செய்கிறார்கள். அந்தக் காரியத்துக்கு ஆங்கிலேயன் ட்விஸ்ட் என்கிறான், ரிங் என்கிறான், ரெஞ்ச் என்கிறான், ரெஸ்ட் என்கிறான், ஸ்க்வீஸ் என்கிறான். இவை போதாவென்று கிரஷ், ஸ்க்வாஷ், ட்வீக், பிஞ்ச் என்று ஓர் உபபரிவாரத்தையும் வைத்துப் பராமரிக்கிறான். ஒன்றின் ஸ்தானத்தில் இன்னொன்றை வைத்துவிட்டால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை ஸ்க்வீஸ் செய்யலாம், ரிங் செய்யலாகாது. கோழியின் கழுத்தை ரிங் செய்யலாம்; ஸ்க்வீஸ் செய்தால் கோழிக்கு முடிவு அதுவேயானாலும் இலக்கணத்துக்கு அது சம்மதமில்லை. துக்கத்தில் இருப்பவன் தன் கைகளைத் தானே ரிங் செய்துகொள்ள வேண்டும்; அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்தவன் அதே கையை ஸ்க்வீஸ் செய்ய வேண்டும்; அவனிடம் பாக்கி வசூலிக்க வந்தவன் அதே கையை ட்விஸ்ட் செய்ய வேண்டும். ஒரு கைக்கு இத்தனை மரியாதை.

இந்த விவகாரத்துக்குள் என்னை இழுத்துவிட்டவர் எதிர்வீட்டு அண்ணன். தெருவில் அவரைச் சொல்தா என்றுதான் குறிப்பிடுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் பார்த்து, பிரெஞ்சுப் பிரஜையாகவே ஓய்வுபெற்று, யூரோவில் பென்சன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் வழங்குகிற பட்டம் அது. தாம் உயிரோடு இருப்பதாக அத்தாட்சிப் பத்திரம் அனுப்பினாலொழியப் பென்சன் நின்றுபோகும் என்ற ஏற்பாட்டினால், உயிரோடு இருப்பதையே ஓர் உத்தியோகமாகப் பாவித்து அதை நேரந்தவறாமல் செய்துவருகிறார். அவருடைய பேத்தி இங்கிலீஷ் மீடியத்தில் எட்டாவது படிக்கிறாள். நானோ ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் பி.ஏ. தேறியவன். அந்தப் பட்டம் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த உத்தியோகத்தைக் காட்டிலும், அது எங்கள் தெருவாருக்கு எழுதிக் கொடுத்த மனுக்களே அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பேத்தியின் பயிற்சிப் புத்தகத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோடிட்ட இடங்களை நிரப்புக என்று ஐந்து வாக்கியங்கள். எலுமிச்சம்பழத்தை ஒருவர் ஏதோ செய்கிறார். படி தவறிய ஒருவர் தம் கணுக்காலை ஏதோ செய்துகொள்கிறார். ஒரு தாய் வேதனையில் கைகளை ஏதோ செய்கிறாள். திருடனிடமிருந்து கத்தியை ஒருவர் ஏதோ செய்கிறார். இன்னொருவர் உண்மையை ஏதோ செய்து வேறாக்கிச் சொல்கிறார். மேற்படி ஐந்து வினைகளும் ஒரு கட்டத்துக்குள் அடைபட்டுக் கிடந்தன.

“தம்பி, இந்த அஞ்சும் ஒண்ணுதானே? பிரெஞ்சுல ‘தோர்த்ர்’னு ஒரே சொல்லைப் போட்டுட்டு மூணு வேலையை முடிச்சுப்புடலாம். கணுக்காலையும் தோர்த்ர், கையையும் தோர்த்ர், கோழிக் கழுத்தையும் தோர்த்ர். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் என்ன கேடு?”

“அண்ணே, முதல்லே உச்சரிப்பைப் பார்ப்போம்” என்று நான் தொடங்கினேன். சிக்கலான கேள்வி வந்தால் உச்சரிப்பில் தொடங்குவது ஆங்கிலம் கற்றவர்களின் பழைய யுக்தி. ஆனால் இந்த விஷயத்தில் உச்சரிப்பே பெரிய பள்ளமாக வாய்த்தது. துணி பிழிகிற ரிங்குக்கும் மணி அடிக்கிற ரிங்குக்கும் காதில் வித்தியாசம் இல்லை; பிடுங்குகிற ரெஸ்டுக்கும் ஓய்வெடுக்கிற ரெஸ்டுக்கும் இல்லை. முன்னே ஒரு டபிள்யூ எழுத்து நிற்கிறது, அவ்வளவுதான். பழைய காலத்து ஆங்கிலேயர் அதை உதடு குவித்து உச்சரித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் அந்த வழக்கம் ஒழிந்துவிட்டது. ஆயினும் எழுத்தை மட்டும் எடுக்க மனமில்லாமல் விட்டுவைத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் வாசலில் பதவிப் பெயர்ப் பலகையைக் கழற்றாமல் வைத்திருக்கும் தாசில்தாரைப் போல அந்த டபிள்யூ ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் நிற்கிறது. அதைப் பார்த்துச் சலாம் வைக்காமல் எழுதினால் மதிப்பெண் குறையும். நான் இதை விளக்கி, ‘ரிங்’ என்று நாலைந்து தரம் உரக்கச் சொல்லிக் காட்டியபோது, எதிர்வீட்டுக் கொல்லையிலிருந்து அண்ணி, “யாருக்கு போன் அடிக்குது? எடுங்களேன்” என்று குரல் கொடுத்தார்.

டபிள்யூவும் ஆரும் சேர்ந்து தலைகாட்டும் ஆங்கிலச் சொற்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அவற்றுள் பலவும் கோணிக்கொண்டே பிறந்தவை என்பது புலப்படும். நெளிவதற்கு ரிகிள், துடித்துப் புரள்வதற்கு ரைத், சுருக்கத்துக்கு ரிங்கிள், வளைத்துக் கட்டிய மலர்வளையத்துக்கு ரீத், கோணல் சிரிப்புக்கு ரை. மல்யுத்தத்துக்கு வழங்கும் ரெஸ்லிங் என்பதும் ரெஸ்டின் பிள்ளைதான். இவ்வளவு ஏன், தப்பு என்று பொருள்படும் ராங் என்ற சொல்லே ஆதியில் முறுக்கிக் கோணலானது என்ற பொருளில் வழங்கியதுதான். ரெஞ்ச் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் திருகுதல் என்ற அர்த்தத்தோடு ஏமாற்றுதல் என்ற அர்த்தமும் இருந்தது. இதைக் கேட்டு அண்ணன் ஆச்சரியப்படவில்லை. “நம்ம ஊர்ல மட்டும் என்னவாம்? பொய் சொல்றவனைக் கயிறு திரிக்கிறான்னுதானே சொல்றோம்” என்றார். உண்மையைத் திரித்துச் சொல்லுதல் என்று நாம் எழுதுகிறோம். அந்த வாக்கியத்தின் கோட்டில் ஆங்கிலேயன் ட்விஸ்ட் போடுகிறான். ட்விஸ்டும் கயிற்றுக்கடை சமாசாரமே. இரண்டு என்பதைக் குறிக்கும் வேரிலிருந்து முளைத்த சொல் அது. இரண்டு புரிகளைச் சேர்த்து முறுக்கியது என்பது அதன் ஜாதகம். நம்முடைய நூலுக்கு முப்புரி உண்டு. பொய்யிலும் அந்த விகிதத்தில்தான் நாம் முன்னேறியிருக்கிறோமா என்று நான் ஆராயப் புகவில்லை.

இக்காலத் தமிழனுக்கு ட்விஸ்ட் என்றால் சினிமாக் கதையின் இடைவேளைக்குச் சற்று முன்னால் வருவது என்பது மட்டுமே தெரியும். என் தலைமுறைக்கு அது ஒரு நடனம். 1960ஆம் ஆண்டில் சப்பி செக்கர் என்ற அமெரிக்கப் பாடகர் அதைப் பிரசித்தப்படுத்தினார். முதுகைத் துண்டால் துடைத்துக்கொண்டே காலால் சிகரெட் நெருப்பைத் தேய்த்து அணைப்பதாகப் பாவனை செய்தால் நடனம் தானே வந்துவிடும் என்று அப்போது கற்பித்தார்கள். அதைச் சொல்லும்போது அண்ணனின் இடுப்பு லேசாக அசைந்ததை நான் கவனித்தும் கவனியாதவனாய் இருந்துவிட்டேன்.

ரெஸ்ட் என்னும் வினைக்கு வேறு ஊரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் ஊரே உதாரணம். மற்றவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றை, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாவது பறித்துக்கொள்வதற்குத்தான் அந்தச் சொல் ஏற்பட்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் காரைக்காலை 1760இல் ஒரு முறை ரெஸ்ட் செய்தார்கள்; சமாதான உடன்படிக்கை ஏற்பட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள். 1778இல் மறுபடியும் பறித்தார்கள், மறுபடியும் கொடுத்தார்கள். 1793இல் மூன்றாம் முறை ரெஸ்ட் செய்தவர்கள் 1817 வரையில் இங்கே ரெஸ்ட் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் இரண்டு ராஜாக்களுக்குள் மனஸ்தாபம் என்றால், அரசலாற்றங்கரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடியானவனுக்கு நிமிர்ந்து பார்ப்பதற்குள் துரை மாறியிருப்பார். 1954இல் நடந்ததற்கு மாத்திரம் இந்த ஐந்து வினைகளுள் ஒன்றும் பொருந்தாது. அந்த வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்குச் சம்மதித்து வாக்களித்தார்கள். எட்டுப் பேர் மறுத்தார்கள். பிரெஞ்சு ஆட்சி கழன்றது. கழன்றதேயொழிய அதன் மரையில் சில சுற்றுகள் பாக்கியிருந்தன. சட்டப்படிக்கான மாற்றம் 1962 ஆகஸ்டு 16ஆம் தேதியன்றுதான் பூர்த்தியாயிற்று.

பிரெஞ்சு வழியில் போனாலும் முறுக்கிலிருந்து தப்ப முடியாது என்பதை அண்ணனே எடுத்துச் சொன்னார். லத்தீனில் முறுக்குவதற்கு இருந்த ஒரு வினையின் சந்ததிகள்தாம் பிரெஞ்சில் தோர்த்ர் ஆகவும், தவறு என்று பொருள்படும் தோர் ஆகவும், சுளுக்கைக் குறிக்கும் அந்தோர்ஸ் ஆகவும் உலவுகின்றனவாம். அந்தச் சந்ததியில் ஒரு கிளை ஆங்கிலச் சட்டப் புத்தகத்துக்குள் குடியேறி, டார்ட் என்றும் எக்ஸ்டார்ஷன் என்றும் வழக்கறிஞர்களுக்குச் சோறு போடுகிறது. இன்னொரு கிளை எஞ்சினியர்களிடம் டார்க் என்ற பெயரில் ஊழியம் செய்கிறது. இவ்விடத்தில் அண்ணன் மாஹேயைப் பற்றி ஒரு கதையையும் சொன்னார். அதுவும் எங்களூரைப் பிடித்த சர்க்காரே பிடித்திருந்த ஊர்தான். மேற்குக் கடற்கரையில் மலையாளத்தின் நடுவே இருக்கிறது. இளம்பிராயத்தில் அங்கே ஒரு சிநேகிதர் வீட்டில் குளிக்கப் போனபோது, அவ்வீட்டு அம்மாள் “தோர்த்து வேணோ?” என்று கேட்டாராம். பிரெஞ்சு இலக்கணத்தை இந்த அம்மாள் எங்கே கற்றார் என்று இவர் வியந்து நிற்க, அவர் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாராம். மலையாளத்தில் துண்டுக்குத் தோர்த்து என்று பெயர். துவர்த்துவது, அதாவது ஈரம் துடைப்பது, என்ற நம்முடைய சொல்லின் உறவு அது. முறுக்கிப் பிழிகிற பிரெஞ்சுச் சொல்லும் துடைத்து உலர்த்துகிற மலையாளத் துண்டும் குளியலறை வாசலில் சந்தித்துக்கொண்டதற்கு பாஷா சாஸ்திரிகள் முக்கியத்துவம் தரமாட்டார்கள், அண்ணன் தருகிறார்.

வித்துவ சம்பாஷணை இந்த உச்சத்தை எட்டியிருந்தபோது அண்ணி கொல்லையிலிருந்து மறுபடியும் அழைத்தார். சொட்டு நீலம் கலந்த வாளியில் முங்கிக் கிடந்த இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று அலசி முடிந்து, ஆறடி நீளத்துக்குக் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. “ரெண்டு ஆம்பிளைங்க இருக்கீங்களே, ஆளுக்கு ஒரு மூலையைப் பிடிச்சுப் பிழிஞ்சு குடுங்க” என்றார். அண்ணனின் ராணுவ இரத்தம் விழித்துக்கொண்டது. எதிரும் புதிருமாக நின்று ஆளுக்கொரு முனையைப் பற்றியவுடன், “முறுக்குன்னா எதிரெதிரா முறுக்கணும், தம்பி. நான் வலப்பக்கம் திருப்புறேன், நீங்க இடப்பக்கம் திருப்புங்க” என்று கட்டளை பிறந்தது. கட்டளையில் தர்க்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் முகத்துக்கு முகம் நிற்கிற இருவரில் ஒருவர் வலமும் மற்றவர் இடமுமாகச் சுழற்றினால், துணி முழுவதும் ஒரே திசையில் சேர்ந்து உருளுமேயொழிய ஒரு சொட்டும் பிழிபடாது என்பது இயற்கையின் தர்க்கம். ஒவ்வொருவரும் தத்தமக்கு வலப்பக்கமாகத் திருப்பினால்தான் நடுவில் எதிர்ப்பு உண்டாகும். போர்வை எங்கள் இருவருக்கும் நடுவே கயிறு தாண்டும் பெண்களின் கயிறாகச் சுழன்று, நீலத் தண்ணீரைச் சுற்றிலும் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று உற்சாகப்படுத்தினார்.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. போர்வையை எங்கள் கைகளிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கிய வேகத்துக்கு ரெஸ்ட் என்ற சொல் பொருத்தமாயிருக்கும். கொல்லைக் குழாயின் இரும்புத் தண்டைச் சுற்றிப் போர்வையின் நடுப்பாகத்தை மாட்டி, இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து இரு கைகளாலும் பிடித்து, ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனார். துணி முதலில் தளர்வாகச் சுருண்டது, பிறகு கயிறாயிற்று, பிறகு தடியாயிற்று. தடியான பிறகு அதன் மேல்தோலில் முத்து முத்தாக நீர் துளிர்த்து, சட்டென்று தாரையாக இறங்கிற்று. கடைசிச் சுற்றில் ஒரு வெட்டு வெட்டி, உதறி, கொடியில் போட்டுக் கிளிப்பும் மாட்டிவிட்டார். ட்விஸ்டில் தொடங்கி, ரிங்கில் நடந்து, ரெஞ்சில் முடிந்த அந்தக் கிரியையை நான் பேத்திக்கு அப்படியே காட்டிக் கொடுத்தேன். அரைமணி நேரமாக நாங்கள் செய்த வியாக்கியானத்தில் விளங்காதது அவளுக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. சுழற்றினால் போதும் என்பது ட்விஸ்ட். சுழற்றியதால் ஏதேனும் வெளியே வரவேண்டும், அல்லது உயிராவது போக வேண்டும் என்பது ரிங். வெடுக்கென்று ஓர் இழுப்பும் சேர்ந்தால் ரெஞ்ச். இழுத்தது பிறன் கையிலிருந்தது என்றால் ரெஸ்ட். சுழற்றவே வேண்டாம், சுற்றிலும் அமுக்கினால் ஸ்க்வீஸ்.

ஆனால் இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு ஒரு சங்கதி என் மனத்தை அரித்தது. ஆங்கிலேயனுடைய பாகுபாடு முழுவதும் பலாத்காரத்தின் தரத்தைப் பொறுத்திருக்கிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு எதிர்ப்பு, யாரிடமிருந்து என்பதே அவனுடைய விசாரம். தமிழனோ கையின் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. கடைசியில் பாத்திரத்தில் என்ன விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அவன் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கிறான். உள்ளே இருப்பது வெளியே வந்தால் பிழிதல். துணியானாலும் தேங்காய்ப்பாலானாலும் இடியாப்பமானாலும் அச்சிலிருந்து இறங்குகிற வடகமானாலும் ஒரே சொல்தான். வெளியே ஒன்றும் வராமல் உள்ளே விறைப்பு ஏறினால் முறுக்குதல்; மீசையும் அப்படி, கயிறும் அப்படி, தலைதீபாவளிக்குச் சீர் குறைந்ததென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற மாப்பிள்ளையும் அப்படி. ஒரு முனை அசையாமலிருக்க மறுமுனை சுழன்றால் திருகுதல். தோட்டின் திருகாணியும் பள்ளிக்கூடத்துப் பையனின் காதும் அந்த வகை. உள்ளிருப்பது உருக்குலையாமல் முழுசாக எட்டிப் பார்த்தால் பிதுக்குதல், உருக்குலைந்தால் கசக்குதல், பலவும் கலந்து ஒன்றானால் பிசைதல். மறுநாளைக்கும் வேண்டும் என்கிற முன்யோசனையோடு எடுத்தால் கறத்தல்.

அச்சில் போட்ட முறுக்கைப் பிழிகிறோம், கைமுறுக்கைச் சுற்றுகிறோம். முறுக்கை மட்டும் யாரும் முறுக்குவதில்லை. இதற்குச் சமாதானம் கேட்டால் அண்ணி அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வருவார்.

கையைப் பிசைதல் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். துயரத்தில் தவிக்கிற ஆங்கிலத் தாய் தன் கைகளை ஈரத்துணியாக எண்ணிப் பிழிகிறாள். நம்முடைய தாய் தன் கைகளை மாவாக எண்ணிப் பிசைகிறாள். இரண்டு கைகளுக்கும் நடுவில் மாவும் இல்லை, துணியும் இல்லை, செய்வதற்கு வழியும் இல்லை. மனித ஜாதி முழுவதும் கையாலாகாத நேரத்தில் வீட்டு வேலை செய்வதாகப் பாவனை செய்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். “பிரெஞ்சுக்காரியும் முறுக்கத்தான் முறுக்குவா” என்று அவர் தமது தேசத்தின் கட்சியைப் பதிவு செய்தார்.

இந்தச் சொற்களையெல்லாம் பொறுமையாகச் சேகரித்துத் தந்த புண்ணியவான்களில் ஒருவர் எங்களுக்கு அண்டை ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடுகிற தரங்கம்பாடிக்கு 1740ஆம் ஆண்டில் வந்திறங்கிய பப்ரீஷியஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார், பின்னர் சென்னை வேப்பேரிக்குக் குடிபெயர்ந்து, 1779இல் தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதிய ஓர் அகராதியை அச்சேற்றினார். அவர் காலத்துக்கு வெகுநாள் பிறகு அது விரிவாகித் தரங்கம்பாடியிலேயே அச்சாயிற்று. தாய்மொழி ஜெர்மன், எழுதியது தமிழுக்கு, அர்த்தம் சொன்னது ஆங்கிலத்தில். இவ்வளவு சிரமப்பட்ட அந்த மகான் பணவிஷயத்தில் சாமர்த்தியம் போதாமல், முதுமையில் கடன் தொல்லையால் சிறையிலும் இருந்தார். பிழிதல் என்ற சொல்லுக்குக் கடன்காரர்கள் வழங்கும் அர்த்தம் அவருக்கு அநுபவத்திலேயே கிடைத்திருக்கும். பிரெஞ்சு வேண்டியவர்களுக்கு மூசே, துப்புயி என்ற இரண்டு பாதிரிமார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி உண்டு. பாண்டிச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில் முதற்பாகம் 1855லும் இரண்டாம் பாகம் 1862லும் வெளிவந்தன. அதே 1862இல்தான் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியும் வெளிவந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு கட்சிக்காரரும் நம் சொற்களை எடுத்துப் பிழிந்து உலர்த்தியிருக்கிறார்கள்.

ராஜாங்க விஷயங்களில் ஆங்கிலேயனுக்கு மிகவும் உகந்தது ஸ்க்வீஸ்தான். முதல் உலக யுத்தம் முடிந்த 1918ஆம் ஆண்டின் இறுதியில், எரிக் கெடிஸ் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, தோற்றுப்போன ஜெர்மனியை எலுமிச்சம்பழத்தைப் பிழிவதாகப் பிழிந்து, உள்ளேயிருக்கும் விதைகள் கீச்சிடுகிற வரையில் விடக்கூடாது என்று தேர்தல் மேடையில் முழங்கினார். அந்த விதைகள் கீச்சிட்ட சத்தம் இருபது வருஷம் கழித்து உலகம் முழுவதும் கேட்டது. அண்ணனுக்கு இதற்கும் பிரெஞ்சுப் பக்கத்தில் ஒரு பதில் இருந்தது. பிரஷ்ய மன்னர் பிரெடரிக் தம் சபையில் இருந்த வால்டேரைப் பற்றி, ஆரஞ்சைப் பிழிந்துகொண்டு தோலை எறிந்துவிடுவதுதான் வழக்கம் என்று பேசியதாக அந்த வால்டேரே வயிறெரிந்து எழுதிவைத்திருக்கிறாராம். நம்மவர்களுக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் போதா, கரும்பு வேண்டும். கயவரிடமிருந்து பயன் பெறுகிற வழியைச் சொல்ல வந்த வள்ளுவர் கரும்பைத்தான் உவமை காட்டினார். அதற்கு அவர் கையாண்ட வினையோ பிழிவதும் இல்லை, நசுக்குவதும் இல்லை, நேராகக் கொல்லுவதுதான். இவ்வளவு திட்டவட்டமாக எந்த வரி வசூல் அதிகாரியும் சுற்றறிக்கை அனுப்பியதில்லை.

ஸ்க்வீஸ் செய்வதற்கு இன்னொரு பிரயோகமும் உண்டு: கூட்டத்துக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைவது. இதைக் கற்பிக்க ஆனி மாதத்துப் பௌர்ணமியன்று பாரதியார் வீதிக்கு வந்தால் போதும். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிற ஜனசமுத்திரம் அவற்றைப் பிடிப்பதற்குக் கை நீட்டும். அந்த நெரிசலில் நுழைகிறவன் ஸ்க்வீஸ் செய்கிறான். நுழைந்தபின் அவனைக் கூட்டம் ஸ்க்வீஸ் செய்கிறது. அவன் பிடித்த பழம் அவன் கையிலேயே ஸ்க்வாஷ் ஆகிறது. அதையும் பக்கத்திலிருக்கிறவன் ரெஸ்ட் செய்துகொண்டு போகிறான். பிரசாதமாகக் கிடைத்தது எது என்றால் சட்டையில் ஒட்டிய சாறுதான். அதற்கும் ஒரு பக்தி இருந்தே தீரும்.

நேர்விரோதமான காட்சி திருநள்ளாற்றில். ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகிச் சனி பகவானைச் சேவிக்க வருகிறவர்கள், உடுத்தியிருந்த ஈர வஸ்திரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் புதுசு உடுத்துகிற வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தண்ணீரில் துணியைப் போடவேண்டாம் என்று எழுதி வைத்தாலும், ஒலிபெருக்கியில் சொன்னாலும், அது முழுக்க நின்றபாடில்லை. எல்லா மொழிகளிலும் ஈரத்துணிக்கு விதிக்கப்பட்ட வினை ஒன்று உண்டென்றால், அதற்கு விலக்குப் பெற்ற துணிகள் உலகத்திலேயே அந்தக் கரையில் கிடப்பவைதாம். பிழிய ஆளில்லாமல், முறுக்க ஆளில்லாமல், விட்டுப்போனவனின் ஏழரை ஆண்டையும் சுமந்துகொண்டு அவை சொட்டிக்கொண்டே கிடக்கின்றன. ஒரு முறை சிக்கனமான ஆசாமி ஒருவர் தம் வேட்டியை எடுத்து நன்றாகப் பிழிந்து பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டியதைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் பயபக்தி கலந்திருந்தது.

பேத்தியின் பரீட்சைக்கு வருகிறேன். பயிற்சிப் புத்தகத்தின் அதே ஐந்து வாக்கியங்கள் அப்படியே வினாத்தாளிலும் வந்துவிட்டன. எலுமிச்சைக்கு ஸ்க்வீஸ், தாயின் கைகளுக்கு ரிங், கத்திக்கு ரெஸ்ட் என்று எழுதிய பிறகு, மிச்சமிருந்த இரண்டில் கணுக்காலுக்கு ட்விஸ்ட் போட்டாள். உண்மையைத் திரிப்பதற்கும் ட்விஸ்ட் போட்டாள். ஒரு சொல்லை ஒரு முறைதான் உபயோகிக்க வேண்டும் என்று தாளில் எங்கும் சொல்லவில்லை. திருத்திய ஆசிரியர் கணுக்காலுக்கு ரெஞ்ச் என்பதே விடை என்று சிவப்பு மையால் எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். கணுக்காலுக்கு இரண்டுமே பொருந்தும். எந்த அகராதியைப் புரட்டினாலும் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கும். இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

“அப்படியா சொல்றீங்க, தம்பி?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன அண்ணன், அன்று மாலையே நான்கு பக்கத்துக்கு ஒரு மகஜர் தயாரித்துக்கொண்டு திரும்பி வந்தார். பிரெஞ்சில். சுளுக்குக்கு வழங்கும் அந்தோர்ஸ் என்ற சொல்லின் லத்தீன் பூர்வீகத்தில் தொடங்கி, வினாத்தாளில் சொல்லாத விதிக்கு மாணவியைத் தண்டிப்பது குடியரசின் கொள்கைகளுக்கு முரண் என்று மூன்றாம் பக்கத்தில் நிறுவி, நான்காம் பக்கத்தில் தாம் உயிரோடிருப்பதாகவும் வழக்கப்படி உறுதிமொழி கூறி முடித்திருந்தார். தலைமையாசிரியருக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நான் நினைவூட்டினேன்.

“அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க. சனிக்கிழமை காலைல வர்றேன், உட்கார்ந்து இங்கிலீஷ்ல மாத்திப்புடுவோம். ஒரு சொல்லு பிசகக் கூடாது பாருங்க.”

சனிக்கிழமை எனக்குத் திருநள்ளாற்றில் ஒரு பிரார்த்தனை பாக்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். முதல் பஸ்ஸிலேயே போகிறேன். மாற்று வேட்டி எடுத்து வைத்தாயிற்று.